இலுப்பைப் பூ சர்க்கரை நோய்க்கு உகந்ததா? மரத்தின் எந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது?

ஒடுகத்தூரான் எழுதியது:

வணக்கம். வேலூரில் ஒரு கண்காட்சிக் கடையில் இலுப்பைப் பூப் பொடி வாங்கினேன். பொட்டலத்தின் மேல் 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது, புரதமும் இரும்பும் நிறைந்தது, வைட்டமின் சி மிக்கது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என் மாமனாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர் காலையில் பாலில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து குடிக்கத் தொடங்கிவிட்டார். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இனிக்கிறது. இவ்வளவு இனிக்கும் பொருள் எப்படி உகந்ததாகும் என்று கேட்டால், 'இது இயற்கை இனிப்பு' என்கிறார்.

எங்கள் நிலத்து வரப்பிலும் இலுப்பை மரங்கள் நிற்கின்றன. பூவை ஆடுகள் மேய்கின்றன, கொட்டையை யார் யாரோ பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். பொட்டலத்தின் விலையைப் பார்த்த பிறகு அந்த மரங்களை அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. பூ, பழம், கொட்டை, பிண்ணாக்கு ஆகியவற்றில் என்னென்ன இருக்கின்றன, எதை உண்ணலாம், எதைத் தொடவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'அதிசய மரம்' என்று தொடங்கும் காணொளிகளை மட்டும் அனுப்ப வேண்டாம்.

வேர்வழி எழுதியது:

பூவில் இருப்பது உயிருள்ள சர்க்கரை, ஆலையில் வருவது செத்த சர்க்கரை. நம் முன்னோர்கள் இலுப்பைப் பூவைத் தின்றார்கள், அவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. மாமனாரைத் தடுக்காதீர்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

காட்பாடியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவள் நான். சர்க்கரைக்கு உயிரும் இல்லை, சாவும் இல்லை.

இலுப்பை, அதாவது மதூகா லாங்கிஃபோலியா, சப்போட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. மகிழமும் உலக்கைப் பாலையும் அதே குடும்பந்தான். வட இந்தியாவில் மகுவா என்று சொல்வது இதே இனத்தின் அகன்ற இலை வகை, நம் பக்கம் இருப்பது நீண்ட இலை வகை. ஆய்வு எண்களில் பெரும்பாலானவை மகுவாவை வைத்து அளந்தவை. மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் கொஞ்சம் மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாம் உண்பது பூவின் சதைப்பற்றான அல்லிவட்டத்தை. உதிர்ந்த புதுப் பூவில் முக்கால் பங்கு அளவுக்கு, ஏறத்தாழ 74 முதல் 80 விழுக்காடு வரை, தண்ணீர். காய்ந்த பிறகு எஞ்சுவதில் பாதியும் அதற்கு மேலும் சர்க்கரை. அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு குளுக்கோசும் பிரக்டோசும். கரும்பில் இருக்கும் சுக்ரோஸ் இதில் சிறுபங்குதான். புரதம் 6 விழுக்காடு அளவில் இருக்கிறது, அரிசியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கொழுப்பு 1 அல்லது 2 விழுக்காடு. நார்ச்சத்து 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது, அது நல்ல அளவு என்று ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு.

இப்போது மாமனாரின் பாலுக்கு வருவோம். இரண்டு மேசைக்கரண்டிப் பொடி சுமார் 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 முதல் 12 கிராம் வரை சர்க்கரை. தேக்கரண்டியில் அளந்தால் இரண்டரை முதல் மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரைக்குச் சமம். குளுக்கோஸ் செரிக்கவே வேண்டியதில்லை, நேராக இரத்தத்துக்குப் போகும். பிரக்டோஸ் இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்பது உண்மைதான், ஆனால் அது கல்லீரல் வழியே போய்க் கொழுப்பாகவும் மாறும். நார்ச்சத்து வேகத்தைச் சற்றுத் தணிக்கலாம். ஆனால் 20 கிராம் பொடியில் இருப்பது 2 கிராம் நார். அதை நம்பி இந்த வாசகத்தை அச்சிட்டவர்களின் துணிச்சல் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அவரை மிரட்ட வேண்டாம். ஒரு நாள் பொடியைக் குடித்த இரண்டு மணி நேரத்தில் ஒரு முறையும், வெறும் பால் குடித்த நாளில் அதே நேரத்தில் ஒரு முறையும் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளந்த எண்களை மருத்துவரிடம் காட்டட்டும். மாத்திரை அளவை மட்டும் அவராக மாற்றக் கூடாது.

வேர்வழி எழுதியது:

அப்படியானால் முன்னோர்களுக்கு ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் இல்லையே?

மலைச்சாமை எழுதியது:

நான் சொல்கிறேன். எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு மேலே இருக்கிறது. ஆயா காலத்தில் மாசி, பங்குனியில் விடியும் முன்பே கூடையோடு மரத்தடிக்குப் போவார்கள். பூ இரவில்தான் உதிரும். வெயில் ஏறினால் வண்டும் எறும்பும் வந்துவிடும், அதற்குள் பொறுக்கியாக வேண்டும். கரடியும் வரும், ஆகவே தனியாகப் போக விடமாட்டார்கள். பொறுக்கிய பூவைப் பாறை மேல் காயவைத்து, கசக்கி மகரந்தத் தாளையெல்லாம் புடைத்துவிட்டு, சட்டியில் வறுத்து எள்ளோடு இடித்து உருண்டை பிடிப்பார்கள். களி கிண்டும்போதும் ஒரு பிடி போடுவார்கள். அது கோடை முழுவதும் பசியை அடக்கிய சாப்பாடு. சாமை அறுவடை தீர்ந்து, அடுத்த மழை வரும் வரை வீட்டில் வேறு இருக்காது. அதைத் தின்றுவிட்டு மலை ஏறி இறங்கி விறகு சுமந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாலில் கலக்கிக் குடிக்கவில்லை.

எள்ளோடு இடிப்பது ருசிக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை அம்மா சொன்ன எண்ணைப் பார்த்தால் பூவில் கொழுப்பே இல்லை என்று தெரிகிறது. எள் அதை ஈடு செய்கிறது போலும்.

சோதனைக்குழாய் எழுதியது:

மிகச் சரி. எள்ளில் பாதி எண்ணெய், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம். பூவோடு சேர்ந்தால் முழுச் சாப்பாடாகிவிடுகிறது. வறுக்கும்போது வரும் மணத்தைக் கவனித்திருப்பீர்கள். புதுப் பூவின் மணத்தில் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சேர்மம் இருக்கிறது. பாஸ்மதி அரிசிக்கும் பிரியாணியில் சிலர் போடும் ரம்பை இலைக்கும் மணம் தருவது அதே சேர்மந்தான்.

ஆரணிக்காரி எழுதியது:

இது தெரியாமல் நான் இத்தனை நாள் ரம்பை இலைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்! பிரியாணியில் இலுப்பைப் பூ போடலாமா என்று கேட்டால் ஆம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம்.

என் கேள்வி வேறு. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்கிறோமே, உண்மையிலேயே இதில் சர்க்கரையோ வெல்லமோ காய்ச்சியிருக்கிறார்களா?

அம்முண்டிக் கரும்பு எழுதியது:

அக்கா, இது என் துறை. வீட்டில் மூன்று தலைமுறையாகக் கரும்பு. ஆலைக்கு அனுப்பியது போக மிச்சத்தில் வெல்லம் காய்ச்சுகிறோம். ஒரு கோடையில் ஆசைக்காக இலுப்பைப் பூவைக் காய்ச்சிப் பார்த்தோம்.

காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, கொப்பரையில் ஏற்றினோம். நுரை தள்ளியது, அழுக்கு எடுத்தோம், நிறம் கருஞ்சிவப்பாக வந்தது. கரண்டியில் எடுத்துவிட்டால் கம்பியாக ஓடியது. தண்ணீரில் விட்டால் திரளும் பதம் மட்டும் வரவே இல்லை. அச்சில் ஊற்றி ஆறவைத்தோம். மறுநாளும் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. இன்னும் காய்ச்சினால் கருகல் வாடை அடித்தது. கடைசியில் சீசாவில் ஊற்றிவைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். ருசியில் குறை சொல்ல முடியாது, புளிப்பும் இனிப்புமாக, பேரீச்சம்பழப் பாகு போல இருந்தது.

கரும்பிலும் இந்தத் தொல்லை உண்டு. வெட்டிய கரும்பை நாள் கடத்தினாலும், சாய்ந்து வேர்விட்ட கரும்பை ஆட்டினாலும் வெல்லம் இளகிவிடும். மண்டியில் எடுக்கமாட்டார்கள். இது ஏன் என்று ஆசிரியை அம்மா சொன்னால் நன்றாக இருக்கும்.

சோதனைக்குழாய் எழுதியது:

இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

கெட்டியாக உறைவது சுக்ரோசின் குணம். குளுக்கோசும் பிரக்டோசும் கலந்திருந்தால் சுக்ரோசின் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்வது தடைப்படும். பிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நல்ல கரும்புச் சாற்றில் சர்க்கரையெல்லாம் ஏறத்தாழ சுக்ரோஸ்தான். வெட்டிப் போட்டு நாளானால் நொதிகளும் சாற்றின் புளிப்பும் சேர்ந்து அதை உடைத்து, குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் ஆக்கிவிடும். நீங்கள் கொப்பரையில் சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறீர்கள் அல்லவா? புளிப்பை முறித்து இந்த உடைவைத் தடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று.

இலுப்பைப் பூவில் மரமே அந்த உடைப்பை முடித்துவிட்டுத்தான் பூவைக் கீழே போடுகிறது. சுண்ணாம்பு எவ்வளவு விட்டாலும் உடைந்தது ஒட்டாது. பாகுதான் வரும், அச்சு வெல்லம் வராது. அதனால் பழமொழியில் பாதிதான் உண்மை. இனிப்பு உண்டு, கட்டி கிடையாது. விற்பதாக இருந்தால் பாகாகவே விற்கலாம், தேனைப் போலச் சீசாவில்.

ஒடுகத்தூரான் எழுதியது:

பொட்டலத்தில் எழுதியிருந்த மற்ற இரண்டும்? இரும்பு, வைட்டமின் சி?

சோதனைக்குழாய் எழுதியது:

புதுப் பூவில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி காட்டுகிறார்கள். எலுமிச்சைச் சாற்றோடு ஒப்பிடக்கூடிய அளவுதான் அது. ஆனால் நீங்கள் வாங்கியது நாள்கணக்கில் வெயிலில் காய்ந்து, வறுபட்டு, அரைபட்டு வந்த பொடி. வெப்பத்துக்கும் காற்றுக்கும் முதலில் பலியாகும் சத்து வைட்டமின் சி. புதுப் பூவின் எண்ணைப் பொடியின் மேல் அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவது.

இரும்பில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. தரையிலிருந்து கூட்டிப் பொறுக்கிய பூவில் மண் ஒட்டியிருக்கும். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் செம்மண். அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். சரியாகக் கழுவாத மாதிரியைச் சோதனைக்கூடத்தில் எரித்துப் பார்த்தால் இரும்பு அள்ளிக்கொண்டு வரும். அந்த இரும்பை உடல் எடுத்துக்கொள்ளாது. எந்த உணவிலும் இரும்பு வழக்கத்துக்கு மீறிக் காட்டினால், உணவை எரித்த பிறகு அமிலத்தில் கரையாமல் எஞ்சும் சாம்பல் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் நீங்கள் தின்பது மண்.

ஆகவே வீட்டுக்கு எடுப்பதாக இருந்தால் மரத்தடியைச் சுத்தம் செய்துவிட்டுப் பழைய புடவையோ வலையோ விரித்துவிடுங்கள். பொறுக்கும் வேலையும் மிச்சம்.

மலைச்சாமை எழுதியது:

எங்கள் பக்கம் மரத்தடிச் சருகைக் கொளுத்திவிட்டுப் பொறுக்குபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேர் வெந்து, கன்று எதுவும் முளைக்காமல் போகிறது. நிற்பதெல்லாம் கிழட்டு மரங்கள்.

காயவைப்பதிலும் கவனம் வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பூ ஆடி மாதத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கையில் எடுத்தால் உலர்ந்த திராட்சை போலச் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். பூஞ்சணம் கண்டால் வறுத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

பாலாற்று மணல் எழுதியது:

எல்லோரும் நாசூக்காக ஒன்றைச் சொல்லாமல் விடுகிறீர்கள். இந்தப் பூவுக்கு நம் மாவட்டத்தில் வேறொரு பெயரும் புகழும் இருந்ததே!

சோதனைக்குழாய் எழுதியது:

சொல்வதில் நாசூக்கு எதற்கு? சர்க்கரை இருக்கும் இடத்தில் ஈஸ்ட் வேலை செய்யும். உடைத்துத் தர வேண்டிய தேவையே இல்லாத சர்க்கரை என்பதால் இதில் நொதித்தல் விரைவு. ஒரு கிலோ குளுக்கோஸ் முழுதாகப் புளித்தால் கணக்குப்படி 510 கிராம் அளவுக்கு ஆல்கஹால் வரும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். வெள்ளைக்காரர்கள் இந்தப் பூவைக் கண்டு அஞ்சியதற்கு அதுதான் காரணம். 1892இல் பம்பாய் மாகாணத்தில் இந்தப் பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்தவே தனிச் சட்டம் போட்டார்கள். உணவாகத் தின்றவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். நம் பக்கம் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் வட ஆற்காட்டுக்கும் வந்தது. அப்போது திருவண்ணாமலையும் சேர்ந்ததுதான் நம் மாவட்டம், 1989இல்தான் பிரிந்தது.

வீட்டில் பூவை வைத்திருப்பவர்களுக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்றுதான். டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடையோ கள் வாடையோ அடித்தால், அது சரியாகக் காயாத பூ. உணவுக்கு ஆகாது.

செக்கடித் தெரு எழுதியது:

பூவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மரத்தின் சொத்து கொட்டையில் அல்லவா இருக்கிறது? குடியாத்தத்தில் எங்கள் அப்பா செக்கு வைத்திருந்தார். இப்போது நான் மோட்டார் வைத்து ஓட்டுகிறேன். கடலை, எள், தேங்காய்தான் அன்றாடம். ஆனி, ஆடியில் இலுப்பைக் கொட்டை வரும். முன்பு வண்டி வண்டியாக வந்தது, இப்போது கோணிக்கணக்கில் வருகிறது.

மேல் ஓட்டை உடைத்து எடுக்கும் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். ஆனால் செக்கு அத்தனையையும் பிழியாது. பத்துக் கிலோ பருப்புக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல ஆட்டு. மீதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். புது எண்ணெய் இளமஞ்சளாக இருக்கும். மார்கழியில் நெய் மாதிரி உறைந்துவிடும். இப்போது வாங்குபவர்கள் பெரும்பாலும் விளக்குக்கே கேட்கிறார்கள். வயதானவர்கள் சிலர் மட்டும் மூட்டில் தேய்க்க வாங்குகிறார்கள். எங்கள் ஆயா இதில்தான் வடை சுடுவார். இன்றைக்குச் சுட்டால் வீட்டுப் பிள்ளைகள் வாடையைப் பார்த்து ஓடிவிடும்.

ஆரணிக்காரி எழுதியது:

எங்கள் வீட்டில் எண்ணெயை முறிப்பார்கள். காய்ந்துகொண்டிருக்கும்போது புளி உருண்டையும் முருங்கை இலையும் போட்டுப் பொரித்து எடுத்துவிட்டால் காறல் குறையும். அது வெறும் நம்பிக்கையா, உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

சோதனைக்குழாய் எழுதியது:

நடக்கிறது. எண்ணெய் ஆலைகளில் புதிதாகப் பிழிந்த எண்ணெயில் சிட்ரிக் அமிலமும் வெந்நீரும் சேர்த்துப் பிசினை நீக்குவார்கள். பாஸ்போலிப்பிட் என்ற பிசுக்கு, புளிப்பும் ஈரமும் பட்டால் திரண்டு அடியில் படியும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. இலையின் ஈரம் ஆவியாகப் போகும்போது வாடை தரும் சேர்மங்களில் கொஞ்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆலை அளவுக்குத் துப்புரவு வராது, ஆனால் வீட்டளவில் அது சரியான முறைதான்.

எண்ணெயின் உடற்கூறு இது. ஓலிக் அமிலம் 40 விழுக்காடு அளவில், பால்மிட்டிக் 20 முதல் 25, ஸ்டியரிக் 20 முதல் 25, லினோலிக் 10 முதல் 15. பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்த நிறைவுற்ற கொழுப்பு பாதியை நெருங்குகிறது, அதனால்தான் மார்கழியில் உறைகிறது. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குதான். பாம் எண்ணெயோடு ஒப்பிட்டால் இலுப்பையில் பால்மிட்டிக் பாதிதான். அதன் இடத்தை ஸ்டியரிக் பிடித்துக்கொள்கிறது. ஸ்டியரிக் கெட்ட கொழுப்பைப் பால்மிட்டிக் அளவுக்கு ஏற்றுவதில்லை. ஆக, பயப்படும்படியான எண்ணெய் இல்லை, தினம் ஊற்றிச் சமைக்கும்படியான எண்ணெயும் இல்லை. உறையும் குணத்தால் சோப்புக்கு மிக நல்ல மூலப்பொருள்.

வேர்வழி எழுதியது:

எண்ணெயை இவ்வளவு பாராட்டுகிறீர்கள். அப்படியானால் பிண்ணாக்கும் சத்துதானே? கடலைப் பிண்ணாக்கு மாதிரி மாட்டுக்கு வைக்கலாம் அல்லவா?

செக்கடித் தெரு எழுதியது:

வைக்காதீர்கள்! வைக்கவே வைக்காதீர்கள்.

மீன்குட்டை எழுதியது:

நான் சொல்லட்டுமா? காவேரிப்பாக்கம் பக்கம் குட்டையில் கெண்டை வளர்க்கிறேன். குஞ்சு விடுவதற்கு முன் குட்டையில் இருக்கும் விரால், கெளுத்தி எல்லாவற்றையும் ஒழிக்க நாங்கள் போடுவதே இலுப்பைப் பிண்ணாக்குதான். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் எக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை. முதல் நாள் ஊறவைத்து, மறுநாள் கரைத்துத் தெளிப்போம். சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துவிடும். அந்த மீனைத் தின்னலாம், ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று வாரத்தில் விஷம் அடங்கி, பிண்ணாக்கு குட்டைக்கே உரமாகிவிடும். அதன் பிறகுதான் குஞ்சு விட வேண்டும். அவசரப்பட்டால் பணம் தண்ணீரில்.

வேடிக்கை என்னவென்றால் இறால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

சோதனைக்குழாய் எழுதியது:

வேடிக்கைக்குக் காரணம் உண்டு. பிண்ணாக்கில் இருக்கும் விஷம் சாப்போனின். சோப்பைப் போல ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை கொழுப்பையும் பிடிக்கும் மூலக்கூறு. மீனின் செவுள் வழியாகப் புகுந்து சிவப்பணுக்களின் சவ்வைக் கிழித்துவிடும். இறாலுக்குச் சிவப்பணுவே இல்லை. அதன் இரத்தத்தில் செம்பை வைத்து உயிர்வளி சுமக்கும் நிறமி திரவத்திலேயே கரைந்திருக்கிறது, கிழிப்பதற்கு அணு இல்லை.

ஒடுகத்தூரான் முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் திறவுகோல் இருக்கிறது. பருப்பில் கொழுப்பும் சாப்போனினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாப்போனின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரைவதில்லை. செக்கில் அழுத்தும்போது கொழுப்பு வெளியே ஓடுகிறது, சாப்போனின் சக்கையோடு தங்கிவிடுகிறது. ஆகவே ஒரே பருப்பிலிருந்து வடை சுடும் எண்ணெயும் மீனைக் கொல்லும் பிண்ணாக்கும் வருகின்றன. செக்கிலிருந்து வந்த எண்ணெயை உடனே பயன்படுத்தாமல் தெளியவைத்து, அடியில் நிற்கும் கசடை விட்டு மேலாக வடித்தால் கசப்பு குறைவதும் இதனால்தான். கசட்டில் மிதப்பது பிண்ணாக்குத் தூள்.

மாடு தின்றால் சாகும் என்று சொல்லவில்லை. தீவனம் எடுக்காமல் நிற்கும், வயிறு கெடும், கறவை குறையும். வெந்நீரில் பலமுறை அலசிச் சாப்போனினைக் கழுவிய பிறகு சிறு அளவில் தீவனத்தில் சேர்க்கும் முறைகள் உண்டு. ஆனால் அது சோதனைக்கூடத்தின் கட்டுப்பாட்டில் செய்ய வேண்டியது, கொட்டகையில் கண்ணளவாகச் செய்வதற்கு உரியதல்ல. வறுத்தால் போய்விடும் என்பதையும் நம்ப வேண்டாம், சாதாரணச் சூட்டில் அது முழுதாக அழியாது.

ஆரணிக்காரி எழுதியது:

அப்படியானால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தலைக்கு இலுப்பைக்கட்டி, அதாவது இந்தப் பிண்ணாக்கை, அரைத்துத் தேய்த்தது இந்த நுரைக்காகத்தானா? கண்ணில் பட்டால் மிளகாய் பட்டது மாதிரி எரியுமே!

சோதனைக்குழாய் எழுதியது:

அதே பொருள்தான். சீயக்காயில் நுரைப்பதும் சாப்போனின்தான், அந்தக் கொடிக்குரிய வேறு வகை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்முண்டிக் கரும்பு எழுதியது:

வயலுக்கு இந்தப் பிண்ணாக்கை நாங்கள் உரமாகப் போட்டுவந்தோம். தழைச்சத்து (நைட்ரஜன்) இரண்டரை விழுக்காடு அளவில்தான் இருக்கிறது, வேம்பு, கடலைப் பிண்ணாக்குகளைவிடக் குறைவு. மெதுவாகத்தான் மக்கும். ஆனால் மண்புழு செத்துவிடுகிறது என்பதால் இப்போது நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஒடுகத்தூரான் எழுதியது:

பழத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மலைச்சாமை எழுதியது:

பழுத்த சதை தின்னலாம், இனிப்பாக இருக்கும். பச்சைக் காய் பால் வடியும், துவர்க்கும். சில இடங்களில் வேகவைத்துக் கறி சமைப்பார்கள் என்கிறார்கள், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. பழத்தைப் பெரும்பாலும் வௌவால் தின்றுவிட்டு, கொட்டையை வேறு மரத்தடியில் துப்பிவிட்டுப் போகும். ஆகவே கொட்டை பொறுக்க இலுப்பை மரத்தடியில் மட்டும் தேடாதீர்கள், பக்கத்து ஆலமரத்தடியிலும் பாருங்கள்.

ஒடுகத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமனாரிடம் ஆசிரியை அம்மாவின் பதிவை அப்படியே படித்துக் காட்டினேன். கோபம் வந்தது. பிறகு அளக்கச் சம்மதித்தார். வெறும் பாலைவிடப் பொடி கலந்த நாளில் நன்றாகவே ஏறியிருந்தது. பொட்டலத்தை என் மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் எள்ளுருண்டை பிடிக்கக் கேட்டிருக்கிறாள்.

இந்த ஆண்டு கொட்டையை விடப்போவதில்லை. குடியாத்தம் அண்ணா, எவ்வளவு கொண்டுவந்தால் ஆட்டித் தருவீர்கள்?

செக்கடித் தெரு எழுதியது:

பருப்பாக இருபது கிலோவாவது இருந்தால்தான் செக்கு பிடிக்கும், தம்பி. மேல் ஓட்டை உடைத்து, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். மழையில் நனைந்த கொட்டையைக் கலக்காதீர்கள். ஈரம் பட்ட பருப்பில் எண்ணெய் காறிவிடும், பிறகு எத்தனை புளி போட்டாலும் முறியாது. இலுப்பை ஆட்டிய பிறகு செக்கைக் கழுவ அரை நாள் ஆகும், அதனால் கடலை ஆட்டாத நாளாகப் பார்த்துச் சொல்கிறேன்.

பிண்ணாக்கை நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூட்டையின் மேல் பெரிதாக 'இலுப்பை' என்று எழுதிவையுங்கள். மாட்டுக் கொட்டகையில் கடலைப் பிண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மீன்குட்டை எழுதியது:

பிண்ணாக்கு எனக்கு வேண்டும். எண்ணெய் பிழிந்த அன்றே சொல்லுங்கள், குடியாத்தத்துக்கே வண்டி அனுப்புகிறேன். விலையைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.